இணைய மூளை வரைபடங்கள்: ஒரு மதிப்பீடு

இணைய மூளை வரைபடங்கள் என்பவை மூளையின் அமைப்பு, உயிரணுக்கள், மரபணு வெளிப்பாடு, செயல்பாடு, நரம்பு இணைப்புகள் ஆகியவை பற்றிய தரவுகளை இட அடையாளத்துடன் இணையத்தில் வழங்கும் தரவுத்தளங்கள். ஆலன் மூளை அட்லஸ், பிக்பிரெய்ன், யூலிஷ் மூளை அட்லஸ், மனித கனெக்டோம் திட்டம், நியூரோசின்த், ஃபிளைவயர், தரணி ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் பெரும்பாலானவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நரம்பியல் ஆய்வின் நடைமுறையை இத்தளங்கள் மாற்றியுள்ளன. எம்.ஆர்.ஐ. கருவியோ, திசு ஆய்வகமோ, மூளை வங்கியோ இல்லாத ஒரு கல்லூரியின் மாணவரும் கணினியும் இணைய இணைப்பும் கொண்டு முதல்தரத் தரவுகளில் ஆய்வு செய்ய முடிகிறது. அதே வேளையில், தரவு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வதும் எளிதாகியுள்ளது. திரையில் ஒரு புள்ளியைத் தொட்டால் அப்பகுதியின் பெயரும் எண்ணும் மரபணுப் பட்டியலும் வந்து நிற்கின்றன. அந்தப் பெயர் எத்தனை மூளைகளைப் பார்த்து இடப்பட்டது, நேரில் அளந்து இடப்பட்டதா, வேறொரு படத்தோடு ஒப்பிட்டு ஊகிக்கப்பட்டதா என்பது அதே திரையில் தெரிவதில்லை. ஆகவே ஒரு மூளை வரைபடத்தின் தரத்தை அதன் படத் துல்லியத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. தன் அடித்தளத்தை அது எவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

பிராட்மன் எண்களும் ஆயத்தொலைவுகளும்

இன்றைய தளங்கள் பலவற்றில் காணப்படும் 'பிராட்மன் பகுதி' என்ற பெயர் 1909-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மானிய மருத்துவர் கோர்பினியன் பிராட்மன் மூளைப் புறணியை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமிட்டு, நுண்ணோக்கியில் உயிரணுக்களின் அடுக்கமைப்பைப் பார்த்து, பகுதிகளுக்கு 1 முதல் 52 வரை எண்களிட்டார். இவ்வரிசையில் சில எண்கள் மனித மூளையில் இல்லை. பகுதிகளின் எல்லைகளை அவர் ஓர் ஓவியமாக வெளியிட்டார். ஆளுக்கு ஆள் அந்த எல்லைகள் எவ்வளவு மாறும் என்பதை ஓவியம் காட்டவில்லை.

1988-இல் பிரெஞ்சு மூளை அறுவை மருத்துவர் ழான் தலேராக்கும் பியர் டூர்னூவும் ஒரு மூளை அட்லஸை வெளியிட்டனர். மூளையின் எந்தப் புள்ளியையும் மூன்று எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறை அதன் பெரும் பங்களிப்பு. வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட அது வழிசெய்தது. அந்த அட்லஸுக்கு அடிப்படை, இறந்துபோன 60 வயதுப் பெண் ஒருவரின் மூளை. அதிலும் ஒரு பக்கப் பாதியே மறுபக்கத்துக்கும் மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அட்லஸில் குறிக்கப்பட்ட பிராட்மன் எண்கள் அந்த மூளையின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இடப்பட்டவை அல்ல. பிராட்மனின் ஓவியத்தோடு கண்ணால் ஒப்பிட்டு இடப்பட்டவை.

2000-ஆம் ஆண்டளவில் இந்த அட்லஸ் கணினிக்கு வந்தது. ஆயத்தொலைவைக் கொடுத்தால் பகுதியின் பெயரைத் திருப்பித் தரும் 'தலேராக் டீமன்' என்னும் சேவை பரவலாகப் பயன்பட்டது. ஒரு செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. ஆய்வில் இரத்த ஓட்டம் கூடிய இடத்தின் மூன்று எண்களை அதில் இட்டால், 'பிராட்மன் பகுதி 44' என்பதுபோல ஒரு விடை வரும். அந்த விடை ஆய்வுக்கட்டுரையின் அட்டவணைக்குள் நேராகப் போய்விடும். விடைக்குப் பின்னால் இருந்தவை 1909-ஆம் ஆண்டின் ஓர் ஓவியமும், அதைக் கண்ணால் ஒப்பிட்ட ஒரு மதிப்பீடும், ஒரே ஒரு மூளையும் ஆகும். ஆய்வில் பங்கேற்றவரின் உயிரணுக்களை யாரும் பார்த்திருக்கவில்லை. ஓர் ஊகம் அட்டவணையில் ஏறியதும் அளவீட்டின் தோற்றம் பெற்றது.

தனி மூளையின் குறையைத் தீர்க்கக் கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் பல மூளைகளின் சராசரியை உருவாக்கியது. முதலில் 305 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டும், பிறகு 152 பேரின் படங்களைக் கொண்டும் சராசரி மூளைகள் அமைந்தன. உலகெங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் இன்று இந்தச் சராசரியையே பொது வெளியாகக் கொள்கின்றன. முதலில் எடுத்த 305 பேரில் 239 பேர் ஆண்கள்; பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். மேலும், மாண்ட்ரியல் சராசரி மூளை தலேராக் மூளையைவிடப் பெரியது. ஒரே மூன்று எண்கள் இரண்டிலும் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. வேறுபாடு பல மில்லிமீட்டர் வரை போகும். எந்த வெளியில் ஆயத்தொலைவு தரப்பட்டது என்று குறிக்காத கட்டுரைகளும், ஒன்றை மற்றொன்றாகக் கொண்ட கட்டுரைகளும் பின்னால் வந்த பெரிய தொகுப்புகளுக்குள் இந்தக் குழப்பத்தைக் கொண்டு சென்றன.

ஆலன் அட்லஸ்கள்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணை நிறுவனர் பால் ஆலன் 10 கோடி டாலர் வழங்கி 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மூளை ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் பெரும்பணி சுண்டெலி மூளை அட்லஸ். ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் சுண்டெலி மூளையின் எந்தெந்த இடங்களில் செயல்படுகின்றன என்பதை மூளைச் சீவல்களில் நேரடியாகப் பார்த்துப் பதிவுசெய்த இந்த அட்லஸ் 2006-இல் முழுமை பெற்றது. தனித்தனி ஆய்வகங்கள் ஒவ்வொரு மரபணுவாகத் தேடிக்கொண்டிருந்த வேலையை ஒரே முறையில், ஒரே தரத்தில் செய்து பொதுவில் வைத்தது இதன் சாதனை. ஒரே மரபுவழியைச் சேர்ந்த, 56 நாள் வயதுடைய ஆண் சுண்டெலிகளை இதற்குப் பயன்படுத்தினர். அதனால் தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தின. அதே காரணத்தால் பெண் சுண்டெலி, முதிர்ந்த சுண்டெலி, வேறு மரபுவழிச் சுண்டெலி ஆகியவை பற்றி அந்த அட்லஸிடம் விடை கேட்க முடியாது.

பின்னர் வந்த ஆலன் சுண்டெலிப் பொதுச் சட்டகம் 1,675 சுண்டெலிகளின் படங்களைச் சராசரி செய்து உருவானது. மனித மூளைக்கு அத்தகைய எண்ணிக்கை கிடைப்பது கடினம். 2010-இல் தொடங்கிய ஆலன் மனித மூளை அட்லஸ் ஆறு பேரின் மூளைகளைக் கொண்டது. ஐவர் ஆண்கள், ஒருவர் பெண். மொத்தம் 3,702 திசு மாதிரிகள். இரண்டு மூளைகளில் இரு பக்கமும் ஆராயப்பட்டன. அவற்றில் இடத்துக்கும் வலத்துக்கும் பெரிய வேறுபாடு தென்படாததால், மற்ற நான்கில் இடப்பக்கம் மட்டும் ஆராயப்பட்டது.

இந்த விவரங்களை ஆலன் நிறுவனம் மறைக்கவில்லை. தளத்திலும் வெளியீடுகளிலும் தெளிவாகத் தந்துள்ளது. சிக்கல் பயன்பாட்டில் உள்ளது. இந்த ஆறு பேரின் மரபணுத் தரவு, வேறு ஆயிரக்கணக்கானோரின் எம்.ஆர்.ஐ. படங்களோடு பொருத்தப்படுகிறது. மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் புறணி மெலிந்த இடங்களில் எந்த மரபணுக்கள் மிகுதியாகச் செயல்படுகின்றன என்பது போன்ற கேள்விகளுக்கு இவ்வழியில் விடை தேடப்படுகிறது. இங்கு நோயாளிகளின் மரபணுச் செயல்பாடு அளக்கப்படவில்லை. வேறு ஆறு பேரின் மூளையில் அதே இடத்தில் கண்டதே நோயாளிகளுக்கும் பொருந்தும் என்று கொள்ளப்படுகிறது. வலப்பக்கத் தரவு தேவைப்படும்போது இடப்பக்கத் தரவைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வைப்பதும் வழக்கத்தில் உள்ளது. தலேராக் அட்லஸில் ஒரு பாதி மறுபாதிக்கு ஆகிவந்த அதே ஏற்பாடு இங்கே மீண்டும் வருகிறது.

இந்தத் தரவைக் கையாளும் முறையும் முடிவை மாற்றுகிறது. எந்த மாதிரியை எந்தப் பகுதியில் சேர்ப்பது, ஆறு பேரின் அளவுகளை எப்படிச் சமப்படுத்துவது, எந்த அளவுகளை விலக்குவது என்று ஒவ்வொரு படியிலும் பல தெரிவுகள் உள்ளன. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு 17 படிகளில் உள்ள தெரிவுகளைச் சேர்த்து 7,46,496 வழிமுறைகளில் இதே தரவை ஓட்டிப் பார்த்தது. வழிமுறைக்கு வழிமுறை முடிவுகள் கணிசமாக வேறுபட்டன. அந்த ஆய்வைச் செய்தவர்கள் தெரிவுகளை வெளிப்படையாகப் பதிவுசெய்யும் இலவச மென்பொருள் ஒன்றையும் தந்தனர். ஒரு தளத்துக்குச் செய்யக்கூடிய நல்ல விமர்சனம் இத்தகையது. குறையைச் சுட்டுவதோடு அது நிற்கவில்லை. அடுத்தவர் அதில் விழாமலிருக்க வழியும் அமைத்தது.

பிக்பிரெய்னும் யூலிஷ் அட்லஸும்

2013-இல் காத்ரின் அமுன்ட்ஸ், ஆலன் எவான்ஸ் ஆகியோரின் ஜெர்மானிய-கனடியக் குழு பிக்பிரெய்ன் என்னும் முப்பரிமாண மூளையை வெளியிட்டது. இறந்த ஒருவரின் முழு மூளையை 20 மைக்ரோமீட்டர் தடிமனில் 7,404 சீவல்களாக வெட்டி, சாயமிட்டு, படமெடுத்து, கிழிசல்களையும் மடிப்புகளையும் கணினியில் சரிசெய்து மீண்டும் ஒரே உருவமாகச் சேர்த்தனர். வழக்கமான 1 மில்லிமீட்டர் எம்.ஆர்.ஐ. படத்தைவிட இது 50 மடங்கு நுணுக்கமானது. புறணியின் அடுக்குகளைத் திரையில் நகர்ந்து பார்க்க முடிந்தது இதற்குப் பிறகுதான். ஆனால் இது ஒருவரின் மூளை. துல்லியத்தில் தலேராக் அட்லஸைப் பலபடி விஞ்சிய இத்தளம் எண்ணிக்கையில் அதனோடு ஒத்து நிற்கிறது.

இதே அமுன்ட்ஸின் குழு நடத்தும் யூலிஷ் மூளை அட்லஸ் எதிர்த்திசையில் செல்கிறது. ஒவ்வொரு புறணிப் பகுதியும் பத்து மூளைகளில் தனித்தனியே நுண்ணோக்கி அளவில் எல்லை கண்டறியப்பட்டு, பின்னர் பொது வெளியில் பொருத்தப்படுகிறது. எல்லையைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல், உயிரணு அடர்த்தி மாறும் இடத்தைப் புள்ளியியல் வழியில் கண்டறிகின்றனர். ஆகவே இந்த அட்லஸ் ஒரு புள்ளிக்கு ஒரே பெயரைத் தருவதில்லை. இத்தனை விழுக்காடு வாய்ப்பில் இது இந்தப் பகுதி என்று கூறுகிறது. பத்துப் பேரில் மூவருக்கு அந்த இடத்தில் அப்பகுதி இல்லையென்றால் அதுவும் விடையில் தெரிகிறது.

2020-இல் வெளியான வடிவத்தில் இன்னொரு நேர்மையான ஏற்பாடு உண்டு. இன்னும் ஆராயப்படாத புறணிப் பரப்புகளுக்கு அது பழைய எண்களைக் கடன் வாங்கிப் பூசவில்லை. அவற்றை 'இடைவெளி வரைபடங்கள்' என்று தனியே குறித்தது. தெரியாத இடத்தை வெற்றிடமாகக் காட்டும் வரைபடமே தெரிந்த இடத்தைப் பற்றிச் சொல்வதிலும் நம்பத்தக்கது. கண்கவர் படமாகப் பரவியது பிக்பிரெய்ன் என்றாலும், வரைபடத்துக்குரிய நேர்மையில் யூலிஷ் அட்லஸ் முன் நிற்கிறது.

நியூரோசின்த்தும் வலி விவாதமும்

மேலே கண்டவை உடற்கூற்றை வரைபவை. நியூரோசின்த் ஏற்கெனவே வெளியான ஆய்வுக்கட்டுரைகளைக் கொண்டு செயல்பாட்டை வரைகிறது. தால் யார்கோனியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் இதை அறிமுகம் செய்தனர். கணினி நிரல் ஒன்று கட்டுரைகளின் அட்டவணைகளிலிருந்து ஆயத்தொலைவுகளை எடுக்கிறது. கட்டுரையில் 'வலி', 'நினைவு', 'அச்சம்' போன்ற சொற்கள் எவ்வளவு வருகின்றன என்றும் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து, ஒரு சொல்லோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் படத்தை உருவாக்குகிறது. இதே பணியை 1980-களின் இறுதியிலிருந்து பிரெய்ன்மேப் என்னும் தரவுத்தளம் ஆட்களைக் கொண்டு செய்து வந்தது. ஆட்கள் படித்துப் பதிவதில் பிழை குறைவு, வேகமும் குறைவு. நியூரோசின்த் முதல் வெளியீட்டிலேயே 3,489 கட்டுரைகளைச் சேர்த்தது. பின்னர் அத்தொகை 14,000-ஐத் தாண்டியது.

வேகத்துக்கான விலை தளத்தின் அமைப்பிலேயே உள்ளது. ஒரு பகுதியின் செயல்பாடு கூடியதா குறைந்ததா என்பதை நிரல் பிரித்தறிவதில்லை. 'வலி' என்ற சொல் வந்த கட்டுரை வலியைப் பற்றியதா, வலியில்லா நிலையோடு வேறொன்றை ஒப்பிட்டதா என்பதும் அதற்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இத்தகைய பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பதே இம்முறையின் நம்பிக்கை. பொதுப்படையான கேள்விகளுக்கு அந்த நம்பிக்கை ஓரளவு பலிக்கிறது. நுட்பமான கேள்விக்கு அது போதாது என்பதை 2015-இல் எழுந்த ஒரு விவாதம் காட்டியது.

அவ்வாண்டு மாத்யூ லீபர்மன், நவோமி ஐசன்பெர்கர் ஆகிய இரு உளவியலாளர்கள் நியூரோசின்த் தரவைக் கொண்டு ஒரு முடிவை வெளியிட்டனர். மூளையின் நடுப்பகுதியில் உள்ள மேல் முன் சிங்குலேட் புறணி வலிக்கென்றே சிறப்பாகச் செயல்படுகிறது என்பது அம்முடிவு. இதன் பின்னணியில் ஒரு பழைய கேள்வி இருந்தது. பிறரால் ஒதுக்கப்படும்போது இதே பகுதி செயல்படுவதாக ஐசன்பெர்கரும் லீபர்மனும் 2003-இல் கண்டிருந்தனர். இப்பகுதி வலிக்கே உரியது என்று நிலைநாட்டப்பட்டால், ஒதுக்கப்படுவதன் துயரம் உவமையாக அன்றி மெய்யாகவே ஒரு வலிதான் என்ற வாதம் வலுப்பெறும். கவனம், முரண்பட்ட தெரிவு, பிழையறிதல் போன்ற பல வேலைகளில் இப்பகுதி ஈடுபடுவதாகக் கண்ட வேறு பல ஆய்வுகள் இதனால் பின்னுக்குப் போகும்.

இதை முதலில் மறுத்தவர்களில் தளத்தை உருவாக்கிய யார்கோனியும் ஒருவர். பின்னர் வலி ஆய்வாளர்கள் பலருடன் அவர் இணைந்து எழுதிய மறுப்பும் 2016-இல் வெளியானது. மறுப்பின் அடிப்படையை இவ்வாறு விளக்கலாம். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதைக் கண்டு மழை பெய்தது என்று முடிவு கட்ட முடியாது. தண்ணீர் லாரி சிந்திக்கொண்டு போயிருக்கலாம். எந்தெந்தக் காரணங்களால், எவ்வளவு அடிக்கடி தெரு நனைகிறது என்பது தெரிந்தால்தான் மழையின் வாய்ப்பைக் கணக்கிட முடியும். வலி ஏற்படும்போது ஒரு பகுதி செயல்படுகிறது என்பதிலிருந்து, அப்பகுதி செயல்பட்டால் வலி இருக்கிறது என்று சொல்வதும் இத்தகைய தாவலே. இதைத் தலைகீழ் ஊகம் என்று பெயரிட்டு ரஸ்ஸல் போல்ட்ராக் 2006-இலேயே எச்சரித்திருந்தார்.

நியூரோசின்த் தலைகீழ் ஊகத்தைக் கணக்கிட முயல்கிறது. ஆனால் அது படத்தில் வண்ணமிட்டுக் காட்டும் எண், தொடர்பு இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதையே சொல்கிறது. தொடர்பு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. ஒரு சொல்லுக்குக் கட்டுரைகள் மிகுதியாக இருந்தால் சிறிய தொடர்புகூடப் பெரிய எண்ணாகத் தெரியும். வலி பற்றிய கட்டுரைகள் தொகுப்பில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அந்த எண்ணை வேறு சொற்களின் எண்களோடு பக்கத்தில் வைத்து, எது பெரிதோ அதற்கே இப்பகுதி உரியது என்று தீர்ப்பளிக்க அத்தரவில் இடமில்லை. முதலிருவரும் தம் முடிவைக் காத்துப் பதில் எழுதினர். ஆயினும், ஒரு தளத்தைக் கட்டியவரே அத்தளம் இந்தக் கேள்விக்கு விடை தராது என்று பொதுவில் எழுத நேர்ந்தது இத்துறைக்கு ஒரு பாடமாக உள்ளது. ஒரு சொல்லைத் தேடினால் ஒரு படம் வருமாறு அமைந்த இடைமுகம், அந்தச் சொல்லுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற எண்ணத்தை முன்கூட்டியே விதைத்துவிடுகிறது. பயன்படுத்துவோரின் பிழைக்கு இடைமுகத்தின் வடிவத்துக்கும் பங்குண்டு.

எண்ணிக்கையின் எல்லைகள்

மூளைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இச்சிக்கல்கள் தீருமா என்ற கேள்விக்கு மனித கனெக்டோம் திட்டம் ஒரு பகுதி விடை தருகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில், 22 முதல் 35 வயது வரையிலான ஏறத்தாழ 1,200 பேரின் மூளைப் படங்கள் உயர்ந்த தரத்தில் எடுத்து வெளியிடப்பட்டன. இத்தரவைக் கொண்டு மாத்யூ கிளாஸரும் பிறரும் 2016-இல் ஒவ்வொரு பக்கப் புறணியையும் 180 பகுதிகளாகப் பிரித்தனர். அவற்றுள் 97 முன்பு விவரிக்கப்படாதவை. அமைப்பு, செயல்பாடு, இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தும், 210 பேரிடம் கண்டதை வேறு 210 பேரிடம் சோதித்தும் வரையப்பட்டதால் இவ்வரைபடம் பரவலான ஏற்பைப் பெற்றது.

இங்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. பங்கேற்றவர்கள் அனைவரும் நலமான இளையோர். அவர்களில் பலர் இரட்டையரும் உடன்பிறந்தோரும் ஆவர். உடன்பிறந்தோரின் மூளைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், 1,200 பேரைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணும் ஆய்வு தன் முடிவின் உறுதியை மிகையாகக் கணிக்கும். மேலும், மூளை அமைப்புக்கும் அறிவுத்திறன், மனநலம் போன்ற பண்புகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுகளுக்கு இந்த எண்ணிக்கையும் போதாது. ஏறத்தாழ 50,000 பேரின் தரவை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, அத்தகைய தொடர்புகளை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டியது. சில பத்துப் பேரைக் கொண்டு கண்ட பல முடிவுகள் மீண்டும் கிடைக்காமல் போனதன் காரணமும் அதில் விளங்கியது.

மறுபக்கத்தில், எல்லா வேலைக்கும் பெரிய எண்ணிக்கை தேவையில்லை. 2024-இல் முழுமை பெற்ற ஃபிளைவயர் ஒரே ஒரு பெண் பழ ஈயின் மூளையைக் கொண்டது. 1,39,255 நரம்பணுக்களும் அவற்றுக்கிடையிலான சுமார் 5 கோடி நரம்பிணைப்புகளும் அதில் உள்ளன. செயற்கை நுண்ணறிவு பிரித்துத் தந்த கிளைகளை ஆட்கள் திருத்தினர். அத்திருத்தம் ஒருவர் தனியே செய்தால் 33 ஆண்டுகள் எடுக்கும் உழைப்பு. ஒரு நரம்பணு எதனோடு இணைகிறது என்ற கேள்விக்கு ஒரு முழு மூளையே பெரும் செல்வம். வேறொரு ஈயின் பகுதி வரைபடத்தோடு ஒப்பிட்டபோது வலுவான இணைப்புகள் பெரும்பாலும் திரும்ப வந்தன, மெலிந்தவை மாறின. எவ்வளவு நம்பலாம் என்பதை இத்தகைய ஒப்பீடு தெளிவாக்கியது. எத்தனை மூளைகள் வேண்டும் என்பதைக் கேட்கும் கேள்வியே தீர்மானிக்கிறது.

திறந்த தரவு திருத்திய பிழை

இத்தளங்களின் வலிமை பிழையின்மையில் இல்லை. பிழையைக் கண்டறிய வழிவிடும் திறந்த தன்மையில் உள்ளது. 2010-இல் 35 ஆய்வு மையங்கள் சேர்ந்து 1,414 பேரின் ஓய்வுநிலை எம்.ஆர்.ஐ. தரவுகளைப் பொதுவில் வைத்தன. சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லுண்டும் அவருடைய குழுவினரும் அவற்றில் 499 பேரின் தரவை எடுத்து ஒரு சோதனை செய்தனர். அந்தப் பேருக்கு எந்தப் பணியும் கொடுக்கப்படவில்லை. ஆகவே அவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டால் வேறுபாடு எதுவும் தெரியக்கூடாது. தற்செயலாக 5 விழுக்காடு வரை தெரியலாம். புழக்கத்தில் இருந்த மூன்று முதன்மை மென்பொருள்களில் சில அமைப்புகளின் கீழ் 70 விழுக்காடு வரை பொய்யான வேறுபாடுகள் தெரிந்தன. அவற்றுள் ஒன்றில் 15 ஆண்டுகளாகக் கவனிக்கப்படாதிருந்த நிரல் பிழையும் வெளிப்பட்டது.

2016-இல் இது வெளியானபோது மூளைப் பட ஆய்வு முழுவதுமே பொய் என்பதுபோலச் செய்திகள் வந்தன. அது மிகை. ஒரு குறிப்பிட்ட வகைப் புள்ளியியல் சோதனையை, தளர்வான வரம்போடு பயன்படுத்திய ஆய்வுகளையே இது தாக்கியது. ஆனால் எந்தப் பழைய ஆய்வுகள் பாதிக்கப்பட்டன என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியவில்லை. அவற்றின் மூலத் தரவுகள் சேமிக்கப்படவோ பகிரப்படவோ இல்லை. பிழையைக் காட்டியது திறந்த தரவு. பிழையைத் திருத்தவிடாமல் தடுத்தது மூடிய தரவு. ஓப்பன்நியூரோ, நியூரோவால்ட் போன்ற பொதுச் சேமிப்புத் தளங்களின் தேவையை இதைவிடத் தெளிவாக வேறொன்று உணர்த்தவில்லை.

இந்திய மூளைகளும் தரணியும்

மாண்ட்ரியல் சராசரி மூளை மேற்கத்திய நாட்டு இளையோரின் மூளை. இந்தியரின் மூளைப் படத்தை அதனோடு பொருத்தும்போது கூடுதலாக நீட்டவும் சுருக்கவும் வேண்டியிருக்கிறது. அத்திரிபு குழந்தைகளிலும் நோயாளிகளிலும் இன்னும் கூடும். இதைக் கருதி இந்திய ஆய்வாளர்கள் தனி மாதிரிகளை உருவாக்கினர். ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தினர் 100 பேரின் படங்களைக் கொண்டு ஓர் அட்லஸை அமைத்தனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 6 முதல் 60 வயது வரை ஐந்து வயதுப் பிரிவுகளுக்கான இந்திய மூளை மாதிரிகளை 2020-இல் வெளியிட்டனர். இத்தகைய மாதிரிகளின் பயன் இன அடையாளத்தில் இல்லை, அளவீட்டில் உள்ளது. பொருந்தாத அச்சில் வைத்து அளந்துவிட்டு வந்த வேறுபாட்டை நோயின் விளைவு என்று சொல்லிவிடும் ஆபத்தை இவை குறைக்கின்றன.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட தரணி, மனிதக் கருவின் மூளை பற்றியது. 14 முதல் 24 வார வளர்ச்சி வரையிலான ஐந்து கருமூளைகளின் 5,132 சீவல்களை உயிரணு தெரியும் அளவில் படமாக்கி, 500-க்கும் மேற்பட்ட பகுதிகளை அடையாளமிட்டு, கட்டணமின்றி இணையத்தில் வைத்துள்ளனர். நரம்பணுக்கள் பிறந்து தம் இடத்துக்கு நகரும் இக்காலத்தின் மூளைகள் ஆய்வுக்குக் கிடைப்பது மிக அரிது. இக்காலத்தின் மரபணு வெளிப்பாட்டைத் தரும் ஆலன் நிறுவனத்தின் கரு அட்லஸ் நான்கு மூளைகளைக் கொண்டது. அதனோடு சேர்த்துப் பார்க்க ஓர் உயிரணு அமைப்பு வரைபடம் சென்னையிலிருந்து கிடைத்திருப்பது உலக அளவில் பொருட்படுத்தத்தக்கது.

இதற்கும் மேற்கண்ட அளவுகோல்கள் பொருந்தும். ஐந்து மூளைகளும் வெவ்வேறு வாரங்களைச் சேர்ந்தவை. எனவே இரு மூளைகளுக்கிடையே தெரியும் வேறுபாடு வளர்ச்சியால் வந்ததா, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடா என்று இத்தொகுப்பைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது. தரணியைக் கருமூளையின் பொது அளவாகக் கொள்ளாமல், ஐந்து மூளைகளின் மிக நுணுக்கமான பதிவாகக் கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை. ஒவ்வொரு வாரத்துக்கும் மேலும் மூளைகள் சேரும்போது அதன் பயன் பன்மடங்காகும்.

மதிப்பீடு

மூளை வரைபடத் தளம் ஒன்றை ஆய்வுக்குப் பயன்படுத்துமுன் நான்கு கேள்விகளுக்கு விடை கிடைக்க வேண்டும். யாருடைய மூளைகள்? எத்தனை? காட்டப்படுவது அளவீடா, வேறொன்றிலிருந்து கொண்டுவந்து பொருத்திய ஊகமா? முடிவில் ஐயம் எழுந்தால் மூலத் தரவுக்குத் திரும்பிச் செல்ல வழி உண்டா? ஆலன் அட்லஸ்கள் நான்குக்கும் விடை தருகின்றன. விடைகளைப் படிக்காமல் பயன்படுத்துவோர் மிகுதி. யூலிஷ் அட்லஸ் ஐயத்தையும் வெற்றிடத்தையும் வரைபடத்திலேயே காட்டுவதால் மற்றவற்றுக்கு முன்மாதிரியாக உள்ளது. நியூரோசின்த் எந்த இடத்தில் தேடத் தொடங்கலாம் என்பதற்கு நல்ல வழிகாட்டி. அதன் படத்தையே இறுதிச் சான்றாக நிறுத்துவது தவறு. ஃபிளைவயரும் பிக்பிரெய்னும் தனி மூளையின் பதிவுகள் என்ற எல்லைக்குள் ஒப்பற்றவை.

தளங்களின் தரப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. மூளைகளின் எண்ணிக்கை, வயது, பாலினம், அளவீட்டு முறை ஆகியவற்றைத் தனி ஆவணத்தில் வைப்பது போதாது. பகுதியின் பெயர் தோன்றும் அதே இடத்தில் அவையும் தோன்ற வேண்டும். 'பகுதி 44' என்ற விடைக்குப் பக்கத்திலேயே 'பத்து மூளைகளில் ஏழில்' என்று எழுதியிருந்தால், அதைத் தன் கட்டுரையில் எடுத்தெழுதும் மாணவர் அந்த ஏழையும் சேர்த்தே எழுதுவார். மருந்து எந்த இடத்தில் செயல்பட வேண்டும், அறுவையில் எந்த இடத்தைத் தொடக்கூடாது என்ற முடிவுகள் வரை இந்த வரைபடங்களின் தாக்கம் நீள்கிறது. எடுத்தெழுதும்போது விடுபட்டுப்போன அந்த ஏழு, அம்முடிவுகளில் பத்தாகிவிடக்கூடும்.